அதிபத்த நாயனார்: அறிவும் அன்பும்

கடவுட்பற்று உடையார் அறிவிற் குறைந்தவர் என்றும், அறிவு வளருந்தோறும் அப்பற்றுத் தேயும் என்றும் கருதுவார் இக்காலத்துப் பலர் உளர். அவரை மறுக்கப் புகுந்த நம்மவருட் சிலரோ, கல்லாமையே பத்திக்கு ஏற்ற நிலம் என்றும், ஆராய்ச்சி அன்பிற்குப் பகை என்றும் உரைக்கின்றனர். இவ்விரு சாராரும் தம்முட் பகைத்தவர் போலத் தோன்றினும் ஒன்றில் ஒத்தவரே. அறிவின் அளவைக்கொண்டு அன்பின் அளவைத் துணியலாம் என்பது இருவர்க்கும் உடன்பாடு. அவ்வுடன்பாடு பொருந்துமா என்பதனை, அறுபத்து மூவருள் ஒருவரும் கடலில் மீன்படுத்து வாழ்ந்தவருமாகிய அதிபத்த நாயனாரது சரித்திரத்தின் வழி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாயனார் சோழநாட்டு நாகப்பட்டினத்தவர். எனினும், நூலறிவையே தொழிலாகக் கொண்ட நம்மனோர் அவர் வரலாற்றை உள்ளவாறு உணர வேண்டின், வலைத்தொழில் இன்றும் நிகழும் கரை ஒன்றை முதற்கண் நோக்கிப் பின்னர்ப் புராணத்தைத் திறத்தல் நன்று. அதற்குத் தொண்டைநாட்டின் வடபாலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் பெரிதும் ஏற்றனவாம்.

பழவேற்காட்டு ஏரி இந்தியாவிலுள்ள உவர்நீர்க் காயல்களுள் ஒரிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. ஆரணியாறும் காளங்கியாறும் அதனுள் நன்னீரைச் சேர்க்கின்றன. கடல் முகத்துவாரத்தின் வழியே உவர்நீரைச் செலுத்துகின்றது. வடகிழக்குப் பருவமழையில் உவர்ப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் அந்நீர் மாறிக்கொண்டேயிருக்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோதலும் உண்டு. இம்மாற்றங்களுக்கேற்ப இறாலும் மடவையும் நண்டும் இடம் பெயர்வன. எக்காற்றில் எத்துறையில் எவ்வலையை இடுதல் தகும் என்பதனை அங்குள்ள மீனவர் ஏட்டைப் புரட்டி அறிந்தாரல்லர். நீரின் நிறத்தாலும் காற்றின் திசையாலும் தந்தையர் காட்டிய வழக்காலும் அறிந்தனர்.

அதனினும் வியக்கத்தக்கது அவரிடையுள்ள பாடு என்னும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்னும் ஊரார், இறால் மிகுதியும் படும் இடங்களைப் பங்கிட்டு, இன்ன நாளில் இன்ன வலையினர் இன்னவிடத்தில் மீன்பிடித்தற்கு உரியர் எனச் சீட்டு இட்டு முறை வைத்துக்கொண்டனர். வலியவன் நல்லிடத்தை எஞ்ஞான்றும் கவராதபடியும், எளியவன் வறிதே கிடவாதபடியும் அமைந்த ஏற்பாடு அது. இதனை வகுத்தவரை அறிவிலார் என்று கூற எவர்க்கு நாவெழும்?

இனி, அக்கரையிலே அம்மன் கோயிலும் உண்டு, மாதா கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. வழிபடுந் தெய்வம் வேறாயினும் நீரை அறியும் அறிவு ஒரு தன்மைத்தே. அவ்வேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலோ, விண்ணில் இராக்கெட்டுகளை ஏவும் நிலையம் 1971 முதல் நடைபெற்று வருகின்றது. நுண்ணிய கணிதத்தில் வல்லுநர் பலர் அங்குத் தொழில் புரிகின்றனர். 2023ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் சந்திரயான் 3 புறப்பட்டதும் அத்தீவிலிருந்தே. ஏவுதற்கு முன்னர் அந்நிறுவனத்தார் இராக்கெட்டின் சிறு உருவைத் திருமலையில் வைத்து வணங்குதலும், ஏரியின் மேல்கரையை அடுத்த சூளூர்ப்பேட்டைச் செங்காளம்மனைத் தொழுதலும் வழக்கமாக உள்ளன. அவருள் தொழாதாரும் இருப்பர். தொழுவார் கணக்கிற் பிழைத்தார் என்றாதல், தொழாதார் கணக்கிற் சிறந்தார் என்றாதல் எவரும் கூறக் கேட்டிலேம். ஏரியின் இக்கரையில் வலையும் அக்கரையில் விண்கலமும் இருப்ப, இருகரையிலும் வணங்குவாரும் வணங்காதாரும் உளராதலின், அறிவின் கூர்மையும் வணக்கமும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருவன அல்ல என்பது கண்கூடாம்.

மேனாட்டார் இதனை எண்ணாலும் அளந்து பார்த்தனர். அறிவினை அளக்கும் சோதனை 1905ஆம் ஆண்டு பாரிசு நகரில் பினே, சிமோன் என்னும் இருவரால் வகுக்கப்பட்டது. பள்ளியில் தனியுதவி வேண்டும் சிறாரைக் கண்டறிதலே அதன் முதல் நோக்கம். பின்னர் அதன் வழிவந்த சோதனைகளைச் சமயப்பற்றோடு இணைத்து நோக்கினார் பலர். 2013இல் அமெரிக்க உளநூலார் மைரன் சுக்கர்மன் முதலியோர் அத்தகைய 63 ஆராய்ச்சிகளைத் திரட்டி, சோதனையில் உயர்ந்த எண் பெற்றாரிடைச் சமயப்பற்றுச் சிறிது குறைந்து காணப்படுகின்றது என முடித்தனர். அம்முடிபினை நாம் மறைத்தல் வேண்டா. ஆயின் அவ்வியைபு மிக மெலிது. மக்களின் பற்றுவேறுபாட்டில் நூற்றில் ஏறக்குறைய ஆறு பங்கே அதனால் விளக்கப்படும். எஞ்சியவற்றிற்குக் காரணம் பிறவாதல் வேண்டும். சோதிக்கப்பட்டாரும் பெரும்பாலும் மேல்நாட்டுக் கிறித்தவச் சூழலினரே. கூட்டத்தின் சராசரி தனியொருவரின் நெஞ்சை அளப்பதன்று. ஆகலின், ஒருவரது நெஞ்சில் இவ்விரண்டும் எவ்வாறு நிற்கும் என அறிய, ஒருவரது வாழ்க்கையையே நோக்குவோம்.

பழவேற்காட்டிற்கும் நாகைக்கும் பழைய தொடர்புண்டு. ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டிற் கெல்திரியா என்னும் கோட்டையை எடுத்து, சோழமண்டலக்கரை வாணிகத்திற்கு அதனைத் தலைமையிடமாக்கி, 1690இல் அத்தலைமையை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். அதற்குப் பன்னூறாண்டு முன்னரே, தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் தம் நாவால் நாகைக் கடற்கரையை நமக்குக் காட்டியருளினார். நாமும் அவரோடு அங்குச் செல்வோம்.

அதிபத்தர் திருப்பெயரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றினமையின், அவர் காலம் சுவாமிகளுக்குப் பிற்பட்டதன்று. நம்பியாண்டார் நம்பி தமது அந்தாதியில் அவர் செயலைச் சுருங்கக் கூறினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைப் பெரியபுராணத்துள் விரித்தார். நாயனாரின் ஆண்டையும் பெற்றோர் பெயரையும் இந்நூல்கள் கூறவில்லை. கூறுவது ஒரு குறிப்பும் அதனைக் காத்த வாழ்வும் மாத்திரமே.

நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி என்னும் சேரியிற் பரதவர் குடியில் அவர் தோன்றினார். அக்குடிக்குத் தலைவராயும் விளங்கினார். அவரேவல் வழி நின்ற வலைஞர் கடலுட் சென்று, பல்வேறு மீன்களைக் கொணர்ந்து அவர்முன் குவிப்பர். அவற்றை விற்றும் மாறியும் பெற்ற வளத்தால் அக்குடி செழித்திருந்தது. ஒரு சேரிக்குத் தலைமை பூண்டு, பலரைக் கடலுட் போக்கி மீட்டு, படும் மீனைப் பங்கிட்டு நடத்துதல் மந்தமதியினர்க்கு இயலும் செயலன்று. பழவேற்காட்டுப் பாடுமுறையை நோக்கினார்க்கு இது விளங்கும். நாயனார் அறிவிலார் என்று கொள்ளுதற்குப் புராணத்தில் இடமில்லை.

அத்தகையவர், வலையிற் படும் மீன்களுள் ஒன்றனை நாடோறும் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விட்டுவந்தார். பூவும் புனலும் கொண்டு புரியும் பூசையை அவர் வேண்டிற்றிலர். தம் தொழிலில் தமக்கு வந்ததனுள் ஒரு பங்கு தமக்கு அதனைத் தந்தானுக்கு உரியது என்பதே அவர் கொண்ட நியமம். அது சொல்லுதற்கு எளிது. ஒருவர்க்கும் விளங்காத மறைபொருள் அதில் யாதுமில்லை. மீன் மிகுந்த நாளில் அதனைக் காத்தலும் எளிதே.

பின்னர் நாட்கள் மாறின. வலைவளம் குன்றியது. ஒருநாள் முழுதும் வீசியும் ஒரே மீன் படலாயிற்று. பட்ட அவ்வொன்றும் பெருமானுக்கே என விட்டு வெறுங்கையராய் மீண்டார் நாயனார். மறுநாளும் அவ்வாறே. இந்நிலை ஒருநாள் இருநாளின் நில்லாது பலநாள் தொடர்ந்தது. திரட்டிய செல்வம் கரைந்தது; சுற்றம் பசியால் வாடிற்று; நாயனார் திருமேனியும் தளர்ந்தது. நியமம் மாத்திரம் தளர்ந்திலது. அதனைக் காத்தலில் அவர் உவகையே எய்தினார் என்கின்றது புராணம்.

இறுதியாக ஒருநாள் வலையில் ஒரு மீன் அகப்பட்டது. பொன்னுறுப்பும் நவமணியும் அமைந்து, உலகமெலாம் விலைபெறும் என்னும்படி ஒளிவீசியது அது. கண்ட வலைஞர் வியந்து, ஒரு மீன் பட்டது என நாயனாரிடம் உரைத்தனர். அவர் அதனைக் கண்டார். என்னை ஆட்கொண்ட பெருமானுக்கு இஃது உரியது என்னுங் கருத்தினராய் அலைமேல் விட்டார். அப்பொழுதே விடையின்மேற் பெருமான் தோன்றி, தம் அடியார் கூட்டத்துடன் இருக்கும் பேற்றினை அவர்க்கு அளித்தருளினார்.

சரித்திரம் இவ்வளவே. இனி இதனை அறிவு என்னும் கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்ப்போம். பொன்மீனைக் கையிற் கொண்ட அந்நேரத்தில், கூர்த்த மதியினர் ஒருவர் நாயனார் அருகில் நின்றிருப்பின் யாது கூறியிருப்பார்? இம்மீனை விடுதல் பெருமானுக்கு யாது பயன் தரும்? விற்றால் சுற்றத்தின் பசி தீரும். எஞ்சியதனால் திருக்கோயிலுக்குத் திருப்பணி செய்யலாம். நாளை முதல் ஒரு மீனுக்கு மாறாகப் பத்து மீனை விடலாம் என்பார். அன்றியும், நியமம் உயிருள்ள மீனைப் பற்றியதேயன்றிப் பொன்னைப் பற்றியதன்று என நுண்ணிய வேறுபாடும் காட்டுவார். நாகையோ பெருந்துறைமுகம். இராசராச சோழன் காலத்திற் கடல்கடந்த ஸ்ரீவிசய வேந்தன் புத்த விகாரம் எடுப்பித்த ஊர். சேக்கிழார் அறிந்த அவ்வூரில் அப்பொன்னுக்கு விலை தருவார் அன்றே கிடைத்திருப்பர். ஆகலின் இவ்வாதங்கள் வெற்றுரையும் அல்ல.

இவற்றுள் ஒன்றும் மடமையின்பாற்பட்டதன்று என்பதனை நோக்குக. யாவும் நல்ல வாதங்களே. அதனாலேயே அவை அஞ்சத்தக்கன. நியமத்தைக் கைவிட விரும்புவானுக்கு அறிவு ஒருபோதும் காரணம் தர மறுப்பதில்லை. அறிவு எத்துணை நுண்ணிதோ, அத்துணை அழகியவாய் அக்காரணங்களும் அமையும். மந்தமதியினன் நியமத்தை மறந்து கைவிடுவான், நுண்மதியினன் நிறுவிக் கைவிடுவான், வேறுபாடு அவ்வளவே.

நாயனாரது செயலிலும் ஒரு நியாயம் உண்டு. பட்ட மீன் சிறிதாயின் பெருமானுக்கு, பெரிதாயின் எமக்கு என்பது நியமமாகாது. வேண்டாததைத் தருதலாகவே முடியும். பொருளின் விலை உயர்ந்தவிடத்து மாறும் அன்பு, முன்னர் மாறாதிருந்த காலத்தும் விலையையே பற்றி நின்றது என்பது வெளியாகும். ஆகலின் நாயனார் அறிவை இழந்தாரல்லர். தம் அறிவு எதற்குப் பணி செய்யவேண்டும் என்பதனை முன்னரே துணிந்திருந்தார். பொன்மீன் வந்த நாளில் அவர் புதிதாக ஆராய வேண்டியது ஒன்றும் இல்லையாயிற்று.

இவ்விடத்துப் படிப்பார் நெஞ்சில் ஒரு தடை எழுதல் இயல்பே. தாம் பசித்தல் தகும். சுற்றத்தைப் பசிக்க விடுதல் தகுமோ என்பர். இதற்கு எளியதொரு விடை கூறி அமைதல் எமக்கு உடன்பாடன்று. பிறர் பசியைப் பொருட்படுத்தாமையைப் பத்தி என்று போற்றுதல் சைவநெறியாகாது. அடியார்க்கு அமுதளித்த நாயன்மார் பலரையும் போற்றும் நூலே இதனையும் கூறுகின்றது. ஈண்டுக் கருதவேண்டுவது, நாயனார் தமக்கொரு பங்கு ஒதுக்கிக்கொண்டு பிறரைப் பட்டினியிட்டாரல்லர் என்பதே. குடியோடு தாமும் வாடினார்; பட்ட துன்பத்தில் முதற்பங்கு அவருடையதே. இச்செயலைப் பின்பற்றுமாறு புராணம் நம்மை ஏவவில்லை. அன்பு எவ்வெல்லைவரை செல்லும் என்பதனைக் காட்டுகின்றது. அதனைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சு நடுங்குமாயின், அந்நடுக்கமும் அதன் பயனே.

இனிச் சித்தாந்த முறையில் இதனை நோக்குவோம். புத்தி என்பது அந்தக்கரணங்களுள் ஒன்று. பொருளை இன்னதெனத் துணிதல் அதன் தொழில். அது மாயையின் காரியமாகிய தத்துவம். ஆகலின் உடம்பொடு வளரும், நோயால் மழுங்கும், உறக்கத்தில் ஒடுங்கும், முதுமையில் தேயும். ஒருவர்க்கு மிக்கும் ஒருவர்க்குக் குறைந்தும் வாய்த்தல் வினைக்கேற்ப வந்த கருவியின் வேறுபாடேயன்றி உயிரின் வேறுபாடன்று. இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உயிர்க்கு இயல்பாயுள்ளன. ஆணவத்தால் மறைபட்டுக் கிடந்த அவற்றை ஓரளவு விளக்குதற்கே கருவிகள் தரப்பட்டன. மேனாட்டார் சோதனை அளப்பது கருவியின் கூர்மையை. அன்போ கருவியை உடைய உயிர் எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதனைப் பற்றியது. வலையின் கண் நுணுகியதாயின் சிறு மீனும் தப்பாது. ஆயின் பிடித்த மீன் யாருக்கு உரியது என்பதனை எவ்வலையும் கூறாது. அதனைக் கூறவேண்டுவோன் வலையை உடையவன்.

பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என நம் ஆசிரியர் வகுத்ததும் இதுபற்றியே. நூலாலும் பொறிகளாலும் வருவது முதலாவது. யானே அறிகின்றேன் எனத் தன்னை முன்னிட்டு நிற்பது இரண்டாவது. இவ்விரண்டும் எத்துணைப் பெருகினும் தாமே மூன்றாவதாய் மாறா. திருவருள் உணர்த்த உணர்வதே பதிஞானம். அதுகொண்டு முன்னவற்றை இகழ்தலும் தகாது. சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே உலகின் இயல்பைக் காட்டி அனுமானத்தாற் கடவுள் உண்மையை நிறுவுகின்றது. ஆராய்ச்சி அன்பிற்குப் பகையாயின் மெய்கண்டார் அந்நூலை அவ்வாறு தொடங்கியிரார்.

இதற்குச் சான்றாவார் இருவரைக் கருதுக. பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கே கடல்சேரும் பொன்முகலியாற்றின் கரையில் திருக்காளத்தி உள்ளது. அங்கே கல்லாத வேடராகிய கண்ணப்பர் ஆறு நாளிற் பெற்ற பேற்றினை நாம் அடிக்கடி எடுத்தோதுகின்றோம். ஆகமம் கற்றுப் பூசை புரிந்த சிவகோசரியாரை அப்பெருமான் வெறுத்தொதுக்கினானல்லன் என்பதனை மறந்துவிடுகின்றோம். அவர் கனவிலே தோன்றி, வேடரது அன்பை மறைந்திருந்து காணுமாறு அருளினான். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் நடுவே அவன் இட்டது வேலியன்று. ஒருவர் அன்பை மற்றவர் காணும் சாளரம். மற்றையவர் அருணந்தி சிவாசாரியார். சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அவர், தம் கல்விச் செருக்கோடு இளஞ்சிறாராகிய மெய்கண்டார்முன் சென்று, ஆணவத்தின் இயல்பு யாது என வினவினார். மெய்கண்டார் நோக்கிய நோக்கிலே அவ்வாணவம் தாமாகவே நிற்றலை உணர்ந்து அடிபணிந்தார். பணிந்த பின்னர்த் தம் கல்வியை எறிந்தாரோ? இல்லை. அக்கல்வி கொண்டே சிவஞானசித்தியாரை இயற்றி, பிற சமயக் கொள்கைகளைப் பரபக்கத்தில் ஆராய்ந்து மறுத்தார். கல்வி அதுவே, அது பணிசெய்யும் இடம் மாறிற்று.

ஆகலின் முதலில் எழுந்த வினாவிற்கு நாம் கூறும் விடை இது. அறிவுடைமை கடவுட்பற்றைத் தருவதும் அன்று, கெடுப்பதும் அன்று. அறியாமையும் அத்தன்மைத்தே. பெருமதியினர் ஒருவர் கடவுள் இலர் எனின், அதுகொண்டு கடவுள் உண்மை குறைபடாது. பெருமதியினர் ஒருவர் உளர் எனின், அதுகொண்டு அவ்வுண்மை வலியுறுவதும் இல்லை. விஞ்ஞானிகளுள் வழிபடுவார் இத்துணைப் பேர் என எண்ணி மகிழும் நம்மவர் வழக்கமும் இதனால் விலக்கத்தக்கதாம். பிறர் மதியை நம் சமயத்திற்குச் சான்றாக அழைப்பின், அதே மதி எதிர்மருங்கில் நிற்கும்போது நாம் வாய்மூட நேரும்.

மடங்களிலும் கழகங்களிலும் நூலாராய்ச்சி செய்யும் நம்மவர்க்கு இவ்வரலாறு பிறிதொன்றும் உணர்த்துகின்றது. கடற்கரையில் ஒருவன் படகைக் கடலில் தள்ளுமுன் கைகூப்பி நிற்பதனைக் கண்டு, பாவம், அறியாதவன் என நம் நெஞ்சு ஒருகணம் நினைக்குமாயின், நாமும் நாம் மறுக்கப் புகுந்தவரோடு ஒருங்கு நிற்கின்றோம். அவன் வணக்கத்தின் உள்ளீடு யாதென நாம் அறியோம். நம் வாழ்விலும் பொன்மீன்கள் வருகின்றன. புகழாகவும் பதவியாகவும், சில வேளை ஒரு வாதத்தில் வெல்லுதலாகவும் அவை வலையிற் படுகின்றன. நல்ல காரணம் காட்டி அவற்றை நமக்கே வைத்துக்கொள்ளும் திறமை நூல் கற்ற நமக்கே மிகுதியும் உண்டு.

அதிபத்த நாயனாரது குருபூசை ஆவணித் திங்கள் ஆயிலிய நாளில் நிகழ்வது. அந்நாளில் நாகை மீனவர் நாயனார் திருவுருவைப் படகில் எழுந்தருளச் செய்து, பொன்மீனைக் கடலில் விடும் விழாவினை இன்றும் கொண்டாடுகின்றனர். அவ்விழாவில் நாம் கேட்டுணர வேண்டிய பாடம் நீளமுடையதன்று. வலையை அறிவாற் பின்னுக. கடலை அறிவால் அறிக. பட்டதனுள் இறைவனுக்கு உரியதனை மாத்திரம் அறிவுகொண்டு மீட்டுக்கொள்ளாதிருக்க. இதனைத் தம் வாழ்க்கையாற் காட்டிய நுளைப்பாடித் தலைவரின் திருவடிகளை நாம் வணங்கி அமைவோம்.

சிவம்.